கொட்டியாரக் கரையில் ஓர் அந்நியன்



ஞாயிறு திருப்பலி ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆலயத்தின் பின்வாசலில் ஒரு குடும்பம் வந்து நிற்கின்றது. கணவன், மனைவி, அவள் தோளில் உறங்கும் ஒரு குழந்தை. முன்னர் எவரும் காணாத முகங்கள். வாங்குகளில் அமர்ந்திருப்போர் ஒருமுறை திரும்பிப் பார்க்கின்றார்கள்; பின்னர் பீடத்தை நோக்கித் திரும்பிவிடுகின்றார்கள். அக்குடும்பத்தை எவரும் வெறுக்கவில்லை. எவரும் விரட்டவும் இல்லை. ஆயினும் நகர்ந்து இடம் கொடுத்தவர் எவரும் இல்லை. சமாதானம் பகிரும் வேளையிலும் நம் கைகள் அறிந்தவர்களின் கைகளையே தேடிச் செல்கின்றன. இறுதி ஆசீர் முடிகின்றது. அவர்கள் வந்தவாறே அமைதியாக வெளியேறுகின்றார்கள்.

நம் பங்குகளில் இது நடப்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மில் எத்தனைபேரால் முடியும்? இதை எழுதும் குருவாகிய என்னாலும் முடியாது. ஒரு மீன்பிடிப் பருவம் முழுவதும் ஞாயிறு தவறாமல் ஆலய வாசலோரம் நின்று திருப்பலி கண்ட ஒரு மீனவரை நான் அறிவேன். பருவம் முடிந்தது, அவர் தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு நான் நற்கருணை வழங்கியிருக்கின்றேன். ஆனால் அவருடைய பெயரை ஒருநாளேனும் கேட்டதில்லை. அவர் போன பின்னரே அது என் நினைவில் உறுத்தியது.

இந்த வாரம் ஒருவருடைய வாழ்க்கையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். அவர் புனிதர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். ஆயினும் அந்நியனை ஏற்றுக்கொள்வது என்றால் என்ன, ஏற்றுக்கொள்ளப்பட்டவன் எதை மறக்கக்கூடாது என்ற இரண்டு பாடங்களை அவருடைய வாழ்க்கை நமக்குக் கற்பிக்கின்றது. அந்த வாழ்க்கையின் பெருந்திருப்பம் நிகழ்ந்ததும் நம் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கடற்கரையிலேதான். அவர் பெயர் ரொபர்ட் நொக்ஸ்.

புயல் கொண்டுவந்த கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறமாக விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மலைநாட்டில் பிறந்து நெடுந்தூரம் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலப்பது இங்கேதான். குடாவின் கரையில் அமைந்துள்ளது மூதூர். அங்கே முன்னொரு காலத்தில் ஒரு பெரிய புளியமரம் நின்றது. வெள்ளைக்காரன் மரம் என்று மக்கள் அதனை அழைத்தார்கள். பழைய மரம் இன்று இல்லை. 1893ஆம் ஆண்டில் அவ்விடத்தில் நடப்பட்ட நினைவுக்கல்லே அதன் கதையைச் சொல்கின்றது.

ரொபர்ட் நொக்ஸ் 1641ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். தந்தையின் பெயரும் ரொபர்ட் நொக்ஸ்தான். அவர் ஒரு கப்பல் தலைவர். கடவுள் பயமுள்ள தாயின் மடியிலே வளர்ந்த மகன், தன் பதினான்காவது வயதிலேயே தந்தையோடு கடலுக்குச் சென்றான். 1658ஆம் ஆண்டு தந்தையும் மகனும் ஆன் என்னும் பெயருடைய கப்பலில் கீழைத்தேசம் நோக்கிப் புறப்பட்டார்கள். அடுத்த ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்துக்கு அருகே கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது கடும் புயல் வீசியது. கப்பலைக் காப்பாற்றுவதற்காக அதன் நடுப்பாய்மரத்தையே வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதிய மரம் வெட்டிக் கப்பலைச் செப்பனிடவும், கையோடு சிறிது துணி வியாபாரம் செய்யவும் அவர்கள் கொட்டியாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அக்காலத்தில் கண்டி இராச்சியத்தை ஆண்டவன் இரண்டாம் இராஜசிங்கன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆகிய இரு ஐரோப்பிய வல்லரசுகளோடும் மோதி, இருவரிடமும் ஏமாற்றம் கண்ட அம்மன்னன், கடல்கடந்து வந்த எவரையும் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. கப்பல் வந்த செய்தி அவன் காதுக்கு எட்டியது. அவனுடைய அதிகாரி படையோடு கரைக்கு வந்தான். கப்பல் தலைவரும் அவருடைய ஆட்களும் புளியமர நிழலில் அமர்ந்திருந்த வேளையில் பிடிபட்டார்கள். மரம் வெட்டச் சென்றிருந்த படகோட்டிகளும் பிடிபட்டார்கள். 1660ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் கப்பலிலிருந்து இறங்கி வந்த மகனும் அவர்களோடு சேர்ந்தான். எல்லாருமாகப் பதினாறு பேர்.

இங்கே ஒரு நிகழ்ச்சியை நாம் கவனிக்க வேண்டும். கப்பலையேனும் தப்புவிக்க விரும்பிய தந்தை, தம் மகனைச் செய்தியோடு கப்பலுக்கு அனுப்பினார். திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டே அவன் சென்றான். கப்பலில் கால் வைத்த பின்னர் அவன் அங்கேயே தங்கியிருக்கலாம். பாய்விரித்துச் சொந்த நாட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பத்தொன்பது வயது இளைஞன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். சிறைப்பட்ட தந்தையிடமே திரும்பி வந்தான். கப்பல் அவர்களை விட்டுப் புறப்பட்டது.

ஊர் இட்ட சோறு

மன்னன் அவர்களைச் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. உள்நாட்டுக்கு நடத்திச் சென்று, ஏழு கோறளைப் பகுதியின் கிராமங்களில் பிரித்துக் குடியேற்றினான். ஊரார் முறைவைத்து அவர்களுக்கு உணவு வழங்க வேண்டும் என்பது கட்டளை. தந்தையும் மகனும் பண்டார கொஸ்வத்த என்னும் கிராமத்தில் விடப்பட்டார்கள்.

அந்தக் கிராமத்தவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் இந்த அந்நியரை அழைக்கவில்லை. இவர்களின் மொழி தெரியாது, சமயம் தெரியாது. தங்கள் பானையில் இருப்பதோ தங்கள் பிள்ளைகளுக்கே அளந்து வைத்த அரிசி. ஆயினும் நாளுக்கு இருவேளை சோறும் கறியும் அந்த அந்நியரின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தன.

அரச கட்டளைக்கு அஞ்சித்தானே கொடுத்தார்கள் என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். கட்டளைக்காக இடப்பட்ட சோறு பசியை ஆற்றும், தனிமையை ஆற்றாது. இதை நொக்ஸ் மிக விரைவிலேயே உணர்ந்தார். தந்தை, மகன் இருவரையும் மலேரியாக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. நாட்கணக்கில் படுத்த படுக்கையாய்க் கிடந்த தந்தை, தாமே தம் மகனை இந்நிலைக்குக் கொண்டுவந்துவிட்டதாக மனம் உடைந்தார். 1661ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது.

அடக்கம் செய்ய ஊராரின் உதவியை மகன் நாடினான். பிரேதத்தைத் தொடுவது தீட்டு என்று கருதிய அவர்கள் உடலைத் தூக்க வரவில்லை. மாடு கட்டும் கயிறு ஒன்றை மட்டும் அனுப்பி வைத்தார்கள். உடலைக் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்வதற்காக! காய்ச்சலால் நிற்கவே வலுவற்றிருந்த அந்த இளைஞன், தன்னோடிருந்த சேவகச் சிறுவனையும் கூலிக்குப் பிடித்த ஒருவனையும் துணைக்கொண்டு தந்தையைத் தன் கையாலேயே மண்ணுக்கு ஒப்படைத்தான். சோறு கொடுத்த ஊர், துயரத்தில் தோள் கொடுக்கவில்லை. அவ்வூரைக் குறைகூறி இதனைச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் உணவு கொடுப்பதோடு வரவேற்பு முடிந்துவிடுகின்றதா என்ற கேள்வியை அந்தக் கயிறு நம் முன் வைக்கின்றது.

தொப்பிக்கு ஒரு விவிலியம்

தந்தையை இழந்த பின்னரும் காய்ச்சல் நொக்ஸை விட்டு நீங்கவில்லை. ஒரு கிராமத்துக் குடிசையில் தன்னந்தனியாக, இரண்டு பக்தி நூல்களை மட்டும் துணையாகக் கொண்டு அவர் வாழ்ந்தார். அவற்றை மனப்பாடம் ஆகும்வரை வாசித்தார். விவிலியம் ஒன்று கிடைக்குமா என்று ஏங்கினார். அடர்ந்த காடும் மலையும் சூழ்ந்த கண்டி இராச்சியத்தில், ஆங்கில மொழியில் ஒரு விவிலியம் எங்கிருந்து வரும்?

ஒருநாள் அவர் ஓடையொன்றில் தூண்டில் போட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தார். அவ்வழியே ஒரு முதியவர் வந்தார். அவர் கையில் ஒரு புத்தகம். 1656ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தபோது அது தமக்குக் கிடைத்ததாக அவர் கூறினார். இந்த அந்நியருக்கு இதை வாசிக்கத் தெரியுமா என்று சேவகச் சிறுவனிடம் விசாரித்தார். நொக்ஸ் அதை வாங்கித் திறந்து பார்த்தார். அது ஆங்கில விவிலியம்! அவருடைய கைகள் நடுங்கின. அவரிடம் இருந்ததோ ஒரேயொரு வராகன். அதையே கொடுத்துவிட அவர் துடித்தார். சிறுவனோ சாமர்த்தியசாலி. அவ்வளவு ஆவலை வெளிக்காட்ட வேண்டாம், குறைந்த விலைக்கே வாங்கித் தருகின்றேன் என்று அவரைத் தடுத்தான். இறுதியில் பின்னப்பட்ட ஒரு தொப்பிக்கு அந்த விவிலியம் கைமாறியது.

ஆண்டவர் தம்மைக் கைவிடவில்லை என்பதற்கான அடையாளமாகவே நொக்ஸ் அதனைக் கண்டார். நாம் அதில் இன்னொன்றையும் காணலாம். அந்த முதியவர் கிறிஸ்தவர் என்பதற்கு எவ்விதச் சான்றும் இல்லை. அந்தப் புத்தகத்தின் ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. ஆனால் தம்மிடம் இருக்கும் ஒன்று இந்த அந்நியனுக்குப் பயன்படக்கூடும் என்று அவருக்குத் தோன்றியது. அவர் நின்றார், விசாரித்தார். அந்த நேரமே ஒரு தனிமனிதனுக்கு விண்ணகத்தின் கதவைத் திறந்தது. நின்று விசாரிப்பது எத்துணைச் சிறிய செயல்! அதனால் விளையும் பயனோ எத்துணைப் பெரியது!

கொடுப்பதற்கும் இடம் கொடுத்தார்கள்

காலம் செல்லச் செல்ல நொக்ஸின் வாழ்வில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அவர் தொப்பி பின்னி விற்கத் தொடங்கினார்; ஊரார் வாங்கினார்கள். கோழியும் பன்றியும் வளர்த்தார். நெல் சேர்த்து, தேவைப்பட்டவர்களுக்குக் கடனாகக் கொடுத்து வட்டியோடு பெற்றார். சிங்கள மொழியைச் சரளமாகப் பேசினார். பிச்சை ஏற்பவராக வந்தவர், கொடுக்கல் வாங்கல் செய்யும் அயலவர் ஆனார்.

பின்னாளில் எலதெத்த என்னும் ஊரில் காணி வாங்கி, வீடு கட்டி, மரங்கள் நட்டார். வேறு சில ஆங்கிலேயக் கைதிகளும் அங்கே அவரோடு வாழ்ந்தார்கள். கைதிகளில் பலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். என்றாவது தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தால் நொக்ஸ் திருமணம் செய்யவில்லை. ஆனால் ஆங்கிலேயத் தந்தைக்கும் உள்நாட்டுத் தாய்க்கும் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தம் பிள்ளை போல வளர்த்தார். பின்னர் தம் வீட்டையும் காணியையும் அவளுக்கே உரிமையாக்கினார்.

அன்புக்குரியவர்களே, புதியவர் ஒருவரை ஏற்றுக்கொள்வது என்றால் அவருக்குக் கொடுப்பது மட்டுமே என்று நாம் எண்ணுகின்றோம். அவரிடமிருந்து பெற்றுக்கொள்வதும் அதன் பாதி. நாள்தோறும் சோறு மட்டும் பெற்றுக்கொண்டிருந்தவரை நொக்ஸ் அவ்வூரில் விருந்தாளியும் அல்லர், குடிமகனும் அல்லர். அவர் பின்னிய தொப்பியை ஓர் அயலவன் தன் தலையில் அணிந்த நாளில்தான் அவர் அந்த ஊருக்குத் தேவைப்பட்டவர் ஆனார். தேவைப்படுகின்றேன் என்ற உணர்வே ஒரு மனிதனை ஓரிடத்தில் வேரூன்றச் செய்கின்றது. நம் ஆண்டவரும் சமாரியப் பெண்ணைச் சந்தித்தபோது போதனையோடு தொடங்கவில்லை. அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டே தொடங்கினார். ஒதுக்கப்பட்டவளிடம் ஒன்றைக் கேட்பதால் அவளை உயர்த்தினார்.

அரிப்புக் கோட்டையின் வாசலில்

எனினும் கைதி கைதியே. மன்னன் அவர்களை விடுதலை செய்யவில்லை. எத்தனை நல்ல அயலவர் சூழ்ந்திருந்தாலும், விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைக்கப்பட்ட வாழ்வை வரவேற்பு என்று நாம் சொல்லிவிட முடியாது. நொக்ஸும் அவருடைய நண்பர் ஸ்டீபன் ரட்லண்டும் புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்கள் ஆகியவற்றைத் தோளில் சுமந்து ஊரூராக விற்றுத் திரிந்தார்கள். வியாபாரம் என்ற பெயரில் வடக்குத் திசைக்கான வழிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1679ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இறுதியாகப் புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவாகிய அருவி ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு, யானைகள் உலாவும் காட்டினூடே மறைந்து மறைந்து நடந்தார்கள். ஒக்டோபர் 18ஆம் நாள், மன்னார்க் கரையில் அமைந்த அரிப்பு ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தார்கள்.

ஒல்லாந்தர் அவர்களை அன்போடு வரவேற்றார்கள். மேசையில் அமரவைத்துச் சீனப் பீங்கானில் உணவு படைத்தார்கள். நொக்ஸுக்கோ அது விந்தையாக இருந்தது! தரையில் அமர்ந்து இலையில் உண்டு பழகிய அவருக்கு நாற்காலியே அந்நியமாகிவிட்டது. வெறுங்காலும் நீண்ட தாடியுமாக நின்ற அந்த மனிதரின் பாதி ஆயுள் இந்த மண்ணில் கழிந்திருந்தது. பத்தொன்பது வயதில் வந்தவர், முப்பத்தெட்டு வயதில் புறப்பட்டார்.

1680ஆம் ஆண்டு அவர் இலண்டனை அடைந்தார். அடுத்த ஆண்டு இலங்கைத் தீவைப் பற்றிய அவருடைய வரலாற்று நூல் வெளிவந்தது. நம் மக்களின் உழவு, உணவு, வழிபாடு, திருமணம், மரணச் சடங்கு ஆகிய யாவற்றையும் நுணுக்கமாகப் பதிந்த அந்நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களால் வாசிக்கப்படுகின்றது. 1719இல் வெளிவந்த டானியல் டீஃபோவின் ராபின்சன் குரூசோ கதைக்கும் அது தூண்டுதலாய் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றார்கள்.

மறதி என்னும் பாவம்

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நாடு திரும்பிய நொக்ஸ் மீண்டும் கடலுக்குச் சென்றார். கிழக்கிந்தியக் கம்பெனி அவரை ஒரு கப்பலின் தலைவராக நியமித்தது. 1680களின் நடுப்பகுதியில் அவர் மடகஸ்கார் தீவுக்கு அனுப்பப்பட்டார். எதற்காகத் தெரியுமா? அங்கே மனிதர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலெனாத் தீவுக்குக் கொண்டுசெல்வதற்காக. அவர் சென்றார்.

அந்நியக் கரையில் பிடிபடுவது என்னவென்று அறிந்தவர் அவர். வீட்டை, மொழியை, தந்தையை இழந்து, இனி ஒருபோதும் திரும்ப முடியாதோ என்று இரவெல்லாம் விழித்திருப்பது என்னவென்று அறிந்தவர் அவர். அப்படிப்பட்டவரே பிறருடைய மகன்களையும் மகள்களையும் கப்பலில் ஏற்றினார். அக்காலத்தில் அது சட்டத்துக்கு முரணான செயல் அல்ல. பலரும் செய்த வியாபாரந்தான். ஆனால் பலரும் அறியாத ஒன்றை நொக்ஸ் அறிந்திருந்தார். அதனால்தான் அவருடைய செயல் நம் நெஞ்சை இவ்வளவு வருத்துகின்றது.

நொக்ஸ் 1720ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறந்தார். அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று, அது இறைவனுக்குரியது. நமக்கு வேண்டியது எச்சரிக்கை. துன்பம் மட்டும் எவரையும் இரக்கமுள்ளவராக்கிவிடாது. பட்ட துன்பத்தை நினைவில் வைத்திருப்பவனே இரக்கமுள்ளவன் ஆகின்றான். இதனால்தான் இறைவன் இஸ்ராயேல் மக்களுக்கு அந்நியரைப் பற்றிக் கட்டளையிட்ட போதெல்லாம், அவர்களும் எகிப்தில் அந்நியராய் இருந்ததை மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். பழைய ஏற்பாட்டில் விருந்தோம்பலின் வேர் தாராள மனம் மட்டுமன்று, அது நினைவு.

அதே இராச்சியத்தில் இன்னோர் அந்நியர்

நொக்ஸ் தப்பிச் சென்று எட்டு ஆண்டுகள் கழிந்தன. 1687ஆம் ஆண்டு, இரண்டாம் இராஜசிங்கன் இறந்த அதே ஆண்டில், கோவாவைச் சேர்ந்த ஒரு குரு தூத்துக்குடியிலிருந்து கடல்கடந்து இத்தீவுக்கு வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலம் அது. ஆகவே கந்தலுடுத்து ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்ததும் வயிற்றோட்ட நோயால் வீழ்ந்து வழியோரம் கிடந்தார். அவர் யாரென்று அறியாத ஒரு பெண் கஞ்சி கொடுத்து அவர் உயிரைக் காத்தாள். அந்தக் கஞ்சி இல்லையேல் இலங்கைத் திருச்சபையின் வரலாறே வேறாக இருந்திருக்கும். அவரே நம் புனித யோசேப் வாஸ்.

அவரும் 1692ஆம் ஆண்டு கண்டியில் ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைப்பட்டார். அவரும் நொக்ஸைப் போலவே அந்த இராச்சியத்தின் அந்நியர். ஆனால் 1697ஆம் ஆண்டு அம்மை நோய் கண்டியைச் சூறையாடியபோது, மன்னனும் மக்களும் நகரை விட்டு ஓடியபோது, அவரும் அவருடைய மருமகன் அருட்தந்தை யோசேப் கர்வாலோவும் அங்கேயே தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களை, சமயம் பாராமல், தம் கையால் கழுவினார்கள், ஊட்டினார்கள். எவரும் தொட அஞ்சிய பிரேதங்களைச் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள்.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே இராச்சியத்தில் ஓர் அந்நிய இளைஞனுக்குக் கயிறு ஒன்று அனுப்பப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இன்னோர் அந்நியர் வந்து அந்த மண்ணின் பிரேதங்களைத் தம் தோளில் சுமந்தார். தாம் பெற்ற ஒரு குவளைக் கஞ்சியை அவர் வாழ்நாள் முழுவதும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நம் ஆலய வாசலில்

திருகோணமலையின் மக்களாகிய நமக்கு இடம்பெயர்வு புதிதன்று. போர்க்காலத்தில் எத்தனை தடவை நாம் மூட்டை கட்டினோம்! 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, ஆலயங்களும் கோவில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் சமயம் கேளாமல் கதவைத் திறந்தன. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாயில் தஞ்சம் புகுந்தார்கள். அதே ஆண்டில் வெளியேறிய சம்பூர் மக்கள் கிளிவெட்டி முதலிய முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2015ஆம் ஆண்டு முதல் படிப்படியாகவே தம் நிலங்களுக்குத் திரும்பினார்கள். நொக்ஸ் பிடிபட்ட அதே குடாவின் கரையில் வாழ்ந்த மக்கள்தாம் இவர்கள். நம்மில் எத்தனைபேர் யாரோ ஒருவருடைய விறாந்தையில் பாய் விரித்துப் படுத்தவர்கள்! எவருடைய அடுப்பிலோ வெந்த சோற்றை உண்டவர்கள்!

இன்று நம் வீடுகளுக்குக் கதவும் பூட்டும் உண்டு. கேள்வி இதுதான்: அந்தப் பாயை நாம் நினைவில் வைத்திருக்கின்றோமா?

தென்மேற்குப் பருவக்காற்றால் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து கத்தோலிக்க மீனவர்கள் நம் கரைக்கு வந்து வாடி அமைக்கின்றார்கள். கடலில் தொழில் தொடர்பான பிணக்குகள் எழுவதுண்டு. உள்ளூர் மீனவரின் உரிமையும் வயிற்றுப்பாடும் உண்மையானவை. அவை நீதியோடு பேசித் தீர்க்கப்பட வேண்டும். ஆயினும் கடலில் உள்ள வழக்கை ஆலய வாங்குவரை கொண்டுவரலாமா? மொழி புரியாவிட்டாலும் ஒரே நற்கருணையை நாம் உண்கின்றோம். இடமாற்றம் பெற்று வந்து தனியறையில் வாழும் ஆசிரியை, பல்கலைக்கழக வளாகத்தில் கற்க வந்த மலையக மாணவன், திருமணமாகி நம் பங்குக்கு வந்து யாரையும் அறியாத இளம் மருமகள்: இவர்கள் எல்லாரும் பின்வாசலில்தான் நிற்கின்றார்கள்.

மால்த்தாத் தீவில் கப்பல் உடைந்து, புனித பவுலோடு 276 பேர் நனைந்த உடலோடு கரையேறியபோது, அத்தீவினர் முதலில் செய்தது தீமூட்டிக் குளிர்காய இடம் கொடுத்ததே. அவர்கள் பெரிய திட்டம் எதுவும் தீட்டவில்லை. நாமும் சிறியவற்றிலிருந்து தொடங்கலாம். வாங்கில் நகர்ந்து இடம் கொடுப்போம். பெயரைக் கேட்போம், அடுத்த வாரம் அந்தப் பெயரை மறவாமல் அழைப்போம். திருப்பலிக்குப் பின்னர் ஒரு கோப்பைத் தேநீருக்கு வீட்டுக்கு அழைப்போம். அத்தோடு நிறுத்திவிடாமல், அவர்களிடம் ஒன்றைக் கேட்போம். பாடத் தெரிந்தவரைப் பாடகர் குழுவுக்கும், வாசிக்கத் தெரிந்தவரை வாசகத்துக்கும், சமைக்கத் தெரிந்தவரைத் திருவிழா அடுப்புக்கும் அழைப்போம். அவர்கள் பின்னும் தொப்பியை நாம் அணிவோம்.

குடும்பமாக அமர்ந்து இதை வாசிக்கும் பெற்றோரே, இன்றிரவு செபமாலைக்குப் பின்னர் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். ராபின்சன் குரூசோவின் கதை வேண்டாம். உங்கள் கதையைச் சொல்லுங்கள். எந்த ஆண்டில் எந்த ஊரில் யார் உங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். நினைவு பிள்ளைகளுக்குக் கைமாறட்டும். ஏற்றுக்கொள்ளப்பட்டதை மறக்காத தலைமுறை, ஏற்றுக்கொள்ளவும் தயங்காது.

செபம்

இறைவா, பெத்லெகேமில் தங்க இடமின்றியும், எகிப்தில் அகதியாகவும் வாழ்ந்த உம் திருமகனை எங்கள் ஆலய வாசலில் அடையாளம் காண எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்களுக்கு இடம் தந்த அனைவரையும், நாங்கள் பெயர் மறந்தவர்களையும், நீர் நினைவுகூர்ந்து ஆசீர்வதியும். புனித யோசேப் வாசின் மன்றாட்டால், பெற்ற கஞ்சியை மறவாத நெஞ்சை எங்களுக்குத் தாரும். எங்களிடையே வரும் எவரும் அந்நியராகவே திரும்பிச் செல்லாதிருக்க அருள்புரியும். ஆமென்.